பேரன் கட்டிய கப்பலும் பில்லுண்ட் பயணமும்

டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பேரனுடைய அறையைக் கூட்டப் போனவள், தரை முழுக்கச் சிதறிக் கிடந்த லெகோ கட்டைகளை வாரி டப்பாவில் போட்டேன். நடுவே கப்பல் மாதிரி ஏதோ ஒன்று நின்றது. அதையும் நாலாகப் பிரித்து உள்ளே போட்டு மூடி, "அப்பாடா, இப்பத்தான் ரூம் ரூமா இருக்கு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த எட்டு வயசுப் பிள்ளை அழவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தான், மூடினான், போய்ப் படுத்துக்கொண்டான். "நாலு நாளா கட்டினான் அத்தை" என்றாள் மருமகள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வார்த்தை கூடச் சொல்லித் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் மறுபடி கட்டிப் பார்த்தான். அதே மாதிரி வரவில்லை. எந்தக் கட்டை எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ள ஒரு ஃபோட்டோகூட யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மகன் காரை எடுத்தான். "பில்லுண்ட் போய்ட்டு வரலாம். நீயும் வாம்மா, பாரு" என்றான்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் சமதரை; வயல், காற்றாலை, மறுபடி வயல். பில்லுண்ட் பெரிய ஊர் ஒன்றுமில்லை, ஏழாயிரம் பேர் அளவில் வசிக்கிற ஊர். ஆனால் விமான நிலையம் இருக்கிறது, 1968-ல் திறந்த லெகோலாண்ட் பூங்கா இருக்கிறது. எல்லாம் ஒரு தச்சரால் வந்தது. ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்று பெயர். 1924-ல் அவருடைய பையன்கள் விளையாட்டாகச் செய்த காரியத்தில் மரச்சுருள் தீப்பிடித்து, பட்டறையும் வீடும் சேர்ந்து எரிந்து போயின. மறுபடி கட்டினார். 1932-ல் மனைவி இறந்து, நாலு பையன்களோடு நின்றார். தொழிலும் மந்தம். ஏணி, இஸ்திரிப் பலகை என்று செய்துகொண்டிருந்தவர் மரப்பொம்மை செய்ய ஆரம்பித்தது அந்த வருஷம்தான். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்து லெகோ என்று பெயர் வைத்தது 1934-ல். பிளாஸ்டிக் கட்டைக்கு இப்போதிருக்கும் வடிவில் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு கச்சிதமாகப் பொருந்தும் என்கிறார்கள். நம் வீட்டு எவர்சில்வர் டப்பாவுக்கு மூடி வாங்கிப் பொருத்திப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்!

ஊர் நடுவில் 2017-ல் திறந்த லெகோ ஹவுஸ். வெள்ளைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் கட்டடம். உச்சியில் எட்டு வட்டக் கூரைச் சாளரங்கள். எட்டுக் குமிழ் வைத்த ஒரு கட்டையைத் தலையில் கவிழ்த்த மாதிரி! உள்ளே நுழைந்ததும் பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமாய் ஒரு மரம். அறுபத்து மூன்று லட்சத்துக்கும் அதிகமான கட்டைகள். மாடிப்படி அதைச் சுற்றிக்கொண்டே ஏறுகிறது. எனக்கு முழங்கால் வலி. நின்று நின்று ஏறினேன். அதனால் கிளையில் இருந்ததையெல்லாம் நன்றாகப் பார்க்க முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவர் கையிலும் ஆறு சிவப்புக் கட்டைகள் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு அட்டை. அதில் நமக்கென்று ஒரு விதமாய் அடுக்கிக் காட்டியிருக்கும். வேறொருவருக்கு அது வராது. எப்படிச் சாத்தியம் என்று கேட்டேன். எட்டுக் குமிழ்க் கட்டை ஆறை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாமாம். முன்பு பத்துக் கோடி சொச்சம் என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறடுக்குக் கோபுரத்தை மட்டும் எண்ணியதால் வந்த தப்பு. அதைச் சரிசெய்தவர் சோரன் ஐலர்ஸ் என்ற கணித ஆசிரியர்.

அந்த எட்டுச் சாளரங்களுக்கும் கீழேதான் நான் சொல்ல வந்த கூடம் இருக்கிறது. கம்பெனி செய்த பொம்மைகள் இல்லை இங்கே. உலகத்தில் எங்கெங்கோ சாப்பாட்டு மேஜையில், மாடி அறையில் உட்கார்ந்து, படம் பார்த்துச் செய்யாமல் தானாக யோசித்துக் கட்டியவர்களின் வேலை. அவ்வப்போது மாற்றி வைக்கிறார்கள். பெரியவர்கள் கட்டியவை! நடுவே மூன்று டைனோசர்கள். ஒன்று குழந்தைகளுக்கான பெரிய டுப்ளோ கட்டையில், ஒன்று சாதாரணக் கட்டையில், மூன்றாவது பல்சக்கரமும் தண்டுமாக டெக்னிக் பாகங்களில்.

பார்க்கத் தெரியாமல்தான் முதலில் பார்த்தேன். "பாட்டி, முழுசாப் பாக்காதே. அது என்ன பீஸ்னு பாரு" என்றான் பேரன். கப்பல் சமாசாரத்துக்குப் பிறகு அவனாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் விரல் காட்டிய பக்கம் பார்த்தால், ஒரு வேலைக்கென்று வந்த துண்டு வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. 2021-ல் இந்தக் கம்பெனியே கொண்டுவந்த போன்சாய் மரத்தில் இளஞ்சிவப்புப் பூக்கள் எல்லாம் குட்டித் தவளைகளாம். அவன் சொல்லித்தான் தெரியும். கொலுவில் பார்க் போடும்போது கண்ணாடித் துண்டைப் பதித்துக் குளம் என்போமே, கேழ்வரகு முளையைப் புல்வெளி என்போமே, அந்தக் கண்தான் இது. நான் பிரித்துப் போட்ட கப்பலில் எது எதுவாக இருந்ததோ?

கூடத்தில் ஒரு பெரியவர், என் வயசு இருக்கும், காமிராவோடு தரையில் முழங்காலிட்டுக் கிடந்தார். எழுந்திருக்க மகன் கைகொடுத்தான். அந்தக் கட்டை மனிதன் நாலு சென்டிமீட்டர் உயரம்தான். அவன் கண் இருக்கிற மட்டத்துக்கு லென்ஸ் வந்தால்தான் கட்டடம் கட்டடமாகத் தெரியும், மேலே நின்று எடுத்தால் மேஜையும் தூசியும்தான் விழும் என்று அவர் சொன்னதை மகன் தமிழில் சொன்னான்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். ரசிகர்கள் தங்கள் மாதிரிகளை லெகோ ஐடியாஸ் என்ற திட்டத்துக்கு அனுப்பலாம். பத்தாயிரம் பேர் ஆதரித்தால் கம்பெனி பரிசீலிக்கும். அந்தப் பத்தாயிரம் பேரும் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை, ஃபோட்டோவைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் மாயா வைன்ஸ்டாக் என்ற அறிவியல் எழுத்தாளர் அப்படி அனுப்பியதுதான் நாசாவின் பெண்கள் என்ற தொகுப்பு. சந்திரப் பயணத்துக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதிய மார்கரெட் ஹாமில்டன், விண்வெளிக்குப் போன சாலி ரைடு, மே ஜெமிசன், வானியலாளர் நான்சி ரோமன் என நாலு பெண்கள் 2017-ல் பொம்மைக் கடைக்கு வந்தார்கள்.

வீடு திரும்பியதும் நானும் மருமகளும் முயன்று பார்த்தோம். கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் உதவும். ஃபிளாஷ் கூடவே கூடாது. கட்டை பளபளப்பு, வெள்ளைப் பொட்டு விழும். ஜன்னலோரம் வையுங்கள். வெயில் நேரே அடித்தால் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டித் தொங்கவிடுங்கள். டென்மார்க்கின் மப்பு வானம் துணி உலர்த்துகிறவளுக்குத்தான் சங்கடம், ஃபோட்டோவுக்கு வெகு ஜோர். பின்னால் சாம்பல் நிறச் சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேஜைக்கு மடிப்பில்லாமல் வளைத்து விட்டால் கோடு தெரியாது. பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் படத்தில் தெரிகிறது. ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். ரொம்பக் கிட்டே போனால் முன்பக்கம் மட்டும் தெளிவாகி மற்றதெல்லாம் மங்கும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். மணலுக்கு ரவை தூவினேன். நன்றாகத்தான் இருந்தது. குமிழ் இடுக்கிலிருந்து அதை எடுக்க ஒரு மாலைப் பொழுது போயிற்று!

அழுக்கான கட்டைகளைக் கையால், 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றில் உலர விடலாம். மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் சிறு துண்டுகள் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். பெரிய டுப்ளோ போதும்.

நான் ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது இன்னொரு கப்பல் முடிந்தது. அறை வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்டேன். வரச் சொன்னான். பழைய புடவையை விரித்து, முட்டிக்குத் தலையணை வைத்து, ஒருக்களித்துப் படுத்தேன். "இன்னும் கீழே, பாட்டி. கேப்டன் கண்ணு தெரியணும்." பதினேழு படம் எடுத்தோம். முன்பக்கம், பின்பக்கம், மேல்தளத்தைக் கழற்றி உள்ளே, எல்லாம். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். நாலை அழிக்கச் சொன்னான்.

பிறகு கப்பலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மளமளவென்று பிரிக்க ஆரம்பித்தான். "ஐயோ, ஏண்டா?" என்றேன் பதறிப்போய்.

"அடுத்தது ரயிலு பாட்டி. கட்டை வேணுமே" என்றான்.