ஒரு மூட்டைப் பருப்பும் ஐந்நூறு கவர்களும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)

ஐம்பது கிலோ துவரம்பருப்பு மூட்டை ஒன்று கடைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரும்போது அதற்கு உறை ஒன்றே ஒன்றுதான்: சாக்கு. கடையை விட்டுப் போகும்போது எத்தனை உறை? அரைக் கிலோவாகப் போட்டால் 100. கால் கிலோவாகப் போட்டால் 200. நூறு கிராமாகப் போட்டால் 500! பருப்பு ஒரு மணிகூடக் கூடவில்லை. கவர் மட்டும் பெருகிவிட்டது.

இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் என் அம்மா. கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பேக்கிங் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். மூட்டையைப் பிரித்து, தூசு தட்டி, தராசில் நிறுத்து, கவரில் போட்டு, சீலிங் மிஷினில் ஒட்டி, மேலே விலைச் சீட்டும் ஒட்ட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் சூடுபட்டுச் சிவந்திருக்கும். நான் கட்டுகிற பரீட்சை ஃபீஸும், வாங்குகிற டிராயிங் ஷீட்டும் அந்தக் கவர்களிலிருந்து வந்தவைதான். ஆகவே, "பிளாஸ்டிக் ஒழிக!" என்று கோஷம் போட்டுவிட்டு நகர்ந்துபோக என்னால் முடியாது. கவர் குறைந்தால் அம்மாவின் வேலை என்னாகும் என்பதையும் யோசித்துத்தான் பேச வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உறை எல்லாமே வீண் அல்ல. 1998-ல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயைச் சாப்பிட்டுப் பலர் இறந்துபோனார்கள். எண்ணெயை அடைத்து முத்திரையிட்டு விற்பதில் உயிர்ப் பாதுகாப்பு இருக்கிறது. பாலுக்கும் மருந்துக்கும் அப்படியே. கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. எறும்பு, வண்டு ஏறக்கூடாது. பில் போடப் பார்கோடு வேண்டும். பாக்கெட்டில் எடை, விலை, அடைத்த மாதம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் தேவைக்கு மேலே போடுகிற உறை இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். இயற்கையே தோல் போர்த்தித் தந்த பழத்தைத் தட்டில் வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றுவது எதற்கு? அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற மூன்று சோப்பை மறுபடி ஒரு கவருக்குள் போடுவானேன்? "ஃபேமிலி பேக்" என்று பெயர் வைத்து, அதற்குள் குட்டிக் குட்டியாக எட்டுப் பாக்கெட்!

நம் பாடத்தில் படிக்கும் பரப்பளவுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வடிவம், ஒரே கனம் என்று வைத்தால், ஒரு கிலோவை ஒரே பாக்கெட்டில் போடுவதைவிடப் பத்து நூறு கிராம் பாக்கெட்டாகப் போடுவதற்கு இரண்டு மடங்குக்கு மேல் (சுமார் 2.15 மடங்கு) தாள் செலவாகும். ஒட்டும் ஓரங்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் மஞ்சப்பைக்குள் எட்டிப் பாருங்கள். முப்பது பாக்கெட் உள்ளே உட்கார்ந்திருக்கும்! அதிலும் சிப்ஸ், பிஸ்கட் கவர்கள் ரொம்பப் பொல்லாதவை. பிளாஸ்டிக், அலுமினியப் பூச்சு என்று பல அடுக்கு ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது கடினம். பழைய பால் கவரை எடைக்கு எடுப்பவர்கூட இதைத் தொடமாட்டார். கடைசியில் இது போவது குப்பைமேட்டுக்கு. 2024 ஏப்ரலில் எங்கள் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பல நாள் புகைந்ததை ஊரே பார்த்தது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து, 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம்மைப் போன்ற தொழில்நுட்ப மாணவர்களுக்குப் பெருமைதான். ஆனால் சாலை போடலாம் என்பதற்காகக் குப்பை சேர்க்கலாமா?

சரி, அம்மாவின் வேலைக்கு வருகிறேன். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், "கவரே வேண்டாம்னு எல்லாரும் சொல்லிட்டா உங்க வேலை போயிடுமேம்மா?" அம்மா சிரித்தார். "மூட்டையிலிருந்து கவர்ல போட்டா என்ன, அவங்க கொண்டு வர்ற டப்பால போட்டா என்ன? அளக்கறதுக்கு ஆளு வேணுமில்ல கண்ணு? வெரலு சுடாம இருக்கும், அவ்வளவுதான்!"

நான் மூன்று வருடம் படித்தும் தோன்றாத பதில் அது! எலெக்ட்ரானிக் தராசில் "டேர்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. காலி டப்பாவை வைத்து அதை அமுக்கினால் எடை பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு பருப்பைப் போட்டால் பருப்பின் எடை மட்டும் காட்டும். பார்கோடு சீட்டை டப்பாவின் மேலேயே ஒட்டிவிடலாம். பில்லுக்கும் தொல்லையில்லை. அம்மா இதைச் சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் முதலில் தயங்கி, பிறகு கடையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று சம்மதித்தார். அதைப் பார்த்து இப்போது வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேரும் டப்பாவோடு வருகிறார்களாம். சின்ன ஆரம்பம்தான். ஆனால் ஆரம்பம்!

இதில் ஏழைக்கும் லாபம் உண்டு. அன்றாடக் கூலி வாங்குபவர் நூறு கிராம் பாக்கெட் வாங்குவது ஆசைப்பட்டு அல்ல. கையில் அவ்வளவுதான் காசு. அளந்து விற்கிற கடையில் அவர் பத்து ரூபாய்க்கும் கேட்கலாம்.

நாம் என்ன செய்யலாம்? மாதச் சம்பளக் குடும்பம் என்றால் பெரிய பாக்கெட்டாக வாங்குவோம். அளந்து தருகிற இடத்தில் டப்பாவை நீட்டுவோம். தேவையற்ற உறையைக் கண்டால் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுவோம். நம் கேண்டீனில் பிஸ்கட்டை மறுபடியும் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்கும்படி மாணவர் பேரவை கேட்கட்டும். நாளைக்கு நம்மில் சிலர் பேக்கிங் மிஷின் செய்யும் கம்பெனிகளுக்கே வேலைக்குப் போகலாம். அன்று டிசைன் போடும்போது, "இந்த அடுக்கு அவசியமா?" என்று ஒரு நிமிடம் நின்று கேட்டால் போதும்.

சிந்திப்போம்! உறையைக் குறைப்போம், உழைப்பவர் கையைக் காப்போம்!