உப்பளக் கரையில் ஒரு குதிரை

மரக்காணத்து உப்பளங்களைக் கோடையிலே கண்டவர்க்கு, அவ்விடம் மனவமைதிக்கு ஏற்றதென்று தோன்றாது. கண்ணைக் கூசச் செய்யும் வெண்மையும், காலைச் சுடும் வரப்புமே அங்குள்ளன. ஆயினும் எம் தந்தையார் காலமான ஆண்டில், அன்னையாரின் விருப்பத்திற்கிணங்கி, அவ்வூரிலுள்ள தாய்மாமன் இல்லத்திற் சென்று தங்கினோம். தந்தையார் இறுதியாகத் தொலைபேசியில் அழைத்தபொழுது, தேர்வு நெருங்கிற்றெனச் சொல்லி, இரண்டே வார்த்தையிற் பேச்சை முடித்திருந்தோம். அந்நினைவு எம்மை உறங்கவொட்டாது வருத்திற்று.

மாமன் வீட்டுக்கு அணித்தே ஒரு பெரியவர், பல்லாண்டு மாமல்லபுரக் கடற்கரையிற் சவாரிக்கு நின்ற முதிய குதிரையொன்றைப் பேணி வந்தார். பொழுது போகாமையால் அதனருகே சென்றோம். அது காதை மடித்து விலகிற்று. கையிற் கொள்ளு ஏந்தி நீட்டினோம், பின்னும் விலகிற்று.

"தம்பி, தீனிக்கு அது மயங்காது. நீ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாய். முதலில் அதை விடு" என்றார் பெரியவர்.

எமக்குச் சினமே மூண்டது. மூச்சை அடக்கியதை யாமே அறியோம். குதிரை எங்ஙனம் அறிந்தது?

விடை பின்னர்ப் படிப்பிற் கிடைத்தது. குதிரை, பிற விலங்குகட்கு இரையாகும் இனம். அதன் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்தமையால், ஏறத்தாழத் தன்னைச் சூழ உள்ளன யாவும் காணும். செவிகள் தனித்தனியே திரும்பும். அருகிலிருப்பவர் உடலில் எழும் இறுக்கத்தை உணர்வது அதற்கு உயிர்காக்கும் வித்தை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2009-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். குதிரையை நடத்திச் செல்வோரிடமும் ஏறிச் செல்வோரிடமும், நான்காம் முறை கடக்கையில் ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்றனர். குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் மனிதரின் நெஞ்சு விரைந்து துடித்தது. குடையைப் பற்றி ஒன்றுமறியாத குதிரையின் நெஞ்சும் உடன் விரைந்தது! கடல் வழியே குதிரைகள் புகாரில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். அவற்றைப் பேணிய கைகள் இதனை அன்றே அறிந்திருக்கும் போலும்.

மறுநாள் முதல், உப்பு வாருவோர் அளத்தில் இறங்கும் விடியற்பொழுதிற் சென்றோம். முகத்துக்கு நேரே செல்லாமலும், பின்புறம் நில்லாமலும், தோட்புறமாக அணுகுதல் வேண்டும் என்பதே பெரியவர் தந்த பாடம். அமைதி வேண்டுமென்று எண்ணிச் சென்ற நாளெல்லாம் அமைதி வரவில்லை. அவ்வெண்ணமும் ஒருவகைப் பரபரப்பே. பிடரியிற் சிக்கிய புல்லை எடுப்பதிலும், குளம்பிற் படிந்த சேற்றைச் சுரண்டுவதிலும் கருத்து நின்றபொழுதே மூச்சு தானாய் நீண்டது. ஓய்ந்து நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை வரையே துடிக்கும். இடப்புற முன்னங்காலின் பின்னே கை வைத்து அதனை எண்ணக் கற்றோம்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, எண்ணிக்கை தவறிப்போய் அழுதுவிட்டோம். குதிரை விலகவில்லை; தலையைத் தாழ்த்தி நெடுமூச்சு விட்டது. பெரியவர் கண்டும் காணாதவர்போல் நீர்த்தொட்டியை நிரப்பச் சென்றார். அன்றிரவுதான், தந்தையாரின் அவ்விறுதி அழைப்பைப் பற்றி அன்னையாரிடம் வாய் திறந்தோம்.