மெதுவாக வேகும் சட்டி

வட அமெரிக்காவின் நன்றியறிதல் நாள் விருந்தைப் பற்றி எழுதுகின்றவர்கள் எல்லோரும் வான்கோழியைப் பற்றியே எழுதுகின்றனர். அந்தப் பறவைக்காக அவ்வளவு மை செலவாக வேண்டியதில்லை என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் அதன் நெஞ்சிறைச்சி உலர்ந்தே போகும். விருந்தின் சுவை அதனைச் சூழ வைக்கப்படும் பக்கக் கறிகளிலேயே இருக்கிறது. மசித்த உருளைக்கிழங்கு, செம்மஞ்சள் நிற வற்றாளைக் கிழங்கு, போஞ்சிக் கறி, காய்ந்த பாண் துண்டுகளை மூலிகைகளுடன் வேகவைக்கும் ஸ்டஃபிங், கிரான்பெரிப் பழக் களி ஆகியவையே அவை.

கனடாவில் இவ்விருந்து 1957ஆம் ஆண்டின் பிரகடனத்தின்படி ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமையும், அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையும் நடைபெறுகின்றது. நாள் வேறானாலும் சமையலறையின் சிக்கல் ஒன்றுதான். ஏழு கிலோ எடையுள்ள வான்கோழி ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்களுக்குப் போறணையைத் தனதாக்கிக்கொள்ளும். வேக வேண்டிய மற்றவை எல்லாம் எங்கே போவது? இக்கேள்விக்கு அந்நாட்டுக் குடும்பங்கள் பல கண்டுபிடித்த விடைதான் ஸ்லோ குக்கர் எனப்படும் மின்சட்டி.

2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்காபரோவில் உள்ள அக்காவின் வீட்டில் தங்கியிருந்தபோது இச்சட்டிகள் மூன்றை ஒருசேரப் பார்த்தேன். ஒன்று கடையில் வாங்கியது. மற்ற இரண்டும் அயலவர்கள் கராஜ் வாசலில் பரப்பி விற்றவை. அக்காவுக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. விடுமுறை நாளென்று முதியோர் பசிக்காமல் இருப்பதில்லை. ஆகவே அன்றும் காலை ஏழு மணி முதல் மூன்று மணி வரை அவர் கடமையில் இருக்க வேண்டியிருந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு சட்டியில் உருளைக்கிழங்கையும் மற்றொன்றில் வற்றாளைக் கிழங்கையும் வெட்டிப் போட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிட்டுப் பேருந்துக்குப் புறப்பட்டார். புறப்படும்போது எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று.

"தம்பி, மூடியைத் திறந்து பாக்கக்கூடாது. ஒருக்காத் திறந்தால் அரை மணித்தியாலம் போச்சு."

அவர் சொன்னதில் பெரிய மிகையில்லை. இச்சட்டி எடுக்கும் மின்சாரம் பழைய அறுபது வோட் மின்குமிழ்கள் நான்கைந்தின் அளவுதான். வெப்பக் கம்பி பெரும்பாலும் பக்கச் சுவரைச் சுற்றியே இருக்கும். தடித்த பீங்கான் பாத்திரம் அந்தச் சூட்டை மெல்ல உள்வாங்கி மெல்லவே வெளியிடும். மேலெழும் நீராவி மூடியில் பட்டுத் திரும்பவும் கறிக்குள் சொட்டுவதால் நீர் வற்றுவதில்லை. அடுப்பில் ஊற்றும் அளவுக்கு நீர் ஊற்றினால் கறி தண்ணீராகிவிடும். குறைந்த சூடு, கூடிய சூடு என்ற இரண்டு நிலைகளும் இறுதியில் ஏறத்தாழ ஒரே வெப்பத்தையே எட்டுகின்றன என்பதும் பலர் அறியாத செய்தி. ஒன்று விரைவில் எட்டும், மற்றையது ஆறுதலாக எட்டும், அவ்வளவே.

இதன் வரலாற்றைத் தேடிப் பார்க்காமல் இருக்க ஒரு பத்திரிகைக்காரனால் முடியுமா? இதைக் கண்டுபிடித்தவர் இர்விங் நக்கும்சோன் என்ற யூத இனப் பொறியியலாளர். லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் தாம் சிறுமியாக இருந்த காலத்துக் கதையை அவரது தாயார் சொல்வதுண்டாம். யூதரின் ஓய்வு நாள் வெள்ளி மாலையில் தொடங்குகின்றது. அதன்பின் தீ மூட்டலாகாது. எனவே இறைச்சியும் அவரையும் சேர்ந்த சோலண்ட் என்ற கறியைச் சட்டியிலிட்டு ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுபோய், அணையும் போறணைக்குள் வைத்துவிடுவார்கள். இரவு முழுதும் அது அந்த மிச்சச் சூட்டில் வேகும். அக்கதையிலிருந்து பிறந்த மின்சட்டிக்கு மகன் 1940ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் அவர் தமது பெயரையும் நக்ஸன் எனச் சுருக்கிக்கொண்டார். 1970இல் அவரது நிறுவனத்தை ரைவல் என்ற நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டில் அதே சட்டி குரொக்-பொட் என்ற பெயருடன் கடைகளுக்கு வந்தது. பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் வைத்துவிட்டு மாலையில் வந்து உண்ணலாம் என்ற வாக்குறுதிக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

மிச்சச் சூட்டில் வேகும் கறி நமக்கும் புதிதல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகிப் போன காலத்தில் எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகரத்தின் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைத்து, போத்தலை மெல்ல உருவி எடுத்தால் புகைபோக்கி தயார். கீழ்த் துளையில் நெருப்பு வைத்தால் மணிக்கணக்காகப் புகைந்துகொண்டே எரியும். அம்மா கறி சமைத்த பிறகும் அதில் சூடு மீந்திருக்கும். அந்தச் சூட்டை அம்மா என்ன செய்தார் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கிரான்பெரிக் களியை அக்கா முதல் நாளிரவே செய்து வைத்திருந்தார். 340 கிராம் பழத்துக்கு ஒரு கோப்பை சீனி, சிறிது தோடம்பழச் சாறு. மூன்று மணித்தியாலத்தில் பழங்கள் வெடித்துவிடும். பின் மூடியை அகற்றி முக்கால் மணித்தியாலம் விட்டால் நீர் குறையும். ஆறும்போது தானாகவே இறுகும். பழத்திலேயே பெக்டின் இருப்பதால் வேறெதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அக்கா தமக்கென்று ஒரு சிறு கிண்ணத்தில் செத்தல் மிளகாய் இடித்துச் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகளின் கிண்ணத்தில் கைவைக்க அனுமதியில்லை. அங்கே பிறந்த பிள்ளைகள் இவ்விருந்தின் ஆசாரத்தில் நம்மூர்க் குருக்கள்மாரையும் மிஞ்சியவர்கள்!

போஞ்சிக் கறிக்கும் வரலாறு உண்டு. 1955ஆம் ஆண்டில் கம்பெல் சூப் நிறுவனத்தின் சமையற் கூடத்தில் டோர்கஸ் றைலி என்ற பெண்மணி, தகரத்திலடைத்த காளான் சூப்பும் போஞ்சியும் பொரித்த வெங்காயமும் சேர்த்து இதனை உருவாக்கினார். 2018இல் அவர் காலமானபோது உலகப் பத்திரிகைகள் இரங்கற் செய்தி எழுதின. ஒரு கறிக்காக! ஆனால் இக்கறி மின்சட்டிக்குப் பொருத்தமானதல்ல என்பேன். நீராவியில் வெங்காயத்தின் மொறுமொறுப்பு போய்விடுகின்றது. அதைப் பரிமாறும் நேரத்தில் தூவுவதே வழி. ஸ்டஃபிங்கை நண்பகலில் மூன்றாவது சட்டியில் வைக்கும் பொறுப்பு என்னுடையது. மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே துணியொன்றை இறுக்கிப் போட்டால் நீராவியைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், பாண் களியாகாது. ஓரங்கள் முறுகிச் சிவந்தன. பாலும் கிறீமும் நெடுநேரம் வெந்தால் திரைந்துவிடும் என்பதால், அக்கா மூன்றரை மணிக்கு வந்து கிழங்கை மசித்த பின்னரே அவற்றைச் சேர்த்தார்.

இன்னொரு விடயம் முக்கியமானது. சிவப்புக் கிட்னி அவரையை ஊறவைத்து அப்படியே இச்சட்டியில் போடக்கூடாது. அதிலுள்ள நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழிவதில்லை. நான்கைந்து அவரைகளே கடும் வாந்தியை உண்டாக்கப் போதுமானவை. முதலில் தனிப் பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் முப்பது நிமிடம் என்கிறது.

ஐந்தரை மணிக்கு உணவு தொடங்கியது. ஒட்டாவாவிலிருந்து முதல் நாளே வந்திருந்த மருமகன் வான்கோழியை வெட்டினான். மூத்த மருமகள் தாதி. அவள் கடமை முடிந்து வர இரவு ஒன்பது மணி தாண்டும். எல்லோரும் உண்ட பின் அக்கா மூன்று சட்டிகளின் குமிழையும் 'சூடு' என்ற நிலைக்குத் திருப்பினார். அது வேகவைக்காது, ஆறவும் விடாது. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அப்படி வைத்திருக்க வேண்டாம் என்று கைநூல்கள் பலவும் சொல்லும். அக்கா கணக்குப் பார்த்தே திருப்பினார்.

பிள்ளைகள் தொலைக்காட்சிப் பக்கம் போன பின், சட்டியின் மூடியைத் துணியால் துடைத்தபடி அக்கா கேட்டார்: "அம்மா அவனுக்குச் சோறு மூடி வைக்கிறவ எண்டு சின்னம்மா ஒருக்கா எழுதினவ. உண்மையே?"

அக்கா 1988இல் ஊரைவிட்டுப் போனவர். எங்கள் தம்பி 1993இல் கிளாலிக் கடலேரி வழியாகக் கொழும்புக்குப் புறப்பட்டவன். படகேறினான் என்பதுவரை செய்தி உண்டு.

"ஓம்" என்றேன்.

"எவ்வளவு காலம்?"

சொன்னேன். ஒவ்வோர் இரவும் அம்மா ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு, தட்டத்தால் மூடி, மரத்தூள் அடுப்பின் மிச்சச் சூட்டில் வைப்பார். காலையில் அதையே தாம் உண்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊர் முழுவதும் வெளியேறியபோதும் கோப்பை அடுப்பின் மேலேயே இருந்தது. கதவைப் பூட்ட வேண்டாம் என்றார். நாங்கள் பூட்டவில்லை.

அக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. துடைத்த மூடியைத் திரும்பவும் சட்டியின் மேல் பொருத்தி, ஆவி வெளியேறாமல் இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

மருமகள் ஒன்பதேகாலுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்து, நின்றபடியே கிழங்கில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மாமா, இதுக்குள்ள கராம்பு போட்டது நீங்களோ?" என்று கேட்டாள். அது அக்காவின் வேலை. மூவரும் அவளுடன் மறுபடி மேசையில் அமர்ந்தோம்.

மீந்தவற்றை அக்கா அன்றிரவே ஆழமற்ற பாத்திரங்களுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். இச்சட்டியில் பழங்கறியைச் சூடாக்கக்கூடாது என்பது அவரது உறுதியான கொள்கை. மறுநாள் வான்கோழியைப் பிய்த்து, மசித்த கிழங்குடன் பச்சை மிளகாயும் வெங்காயமும் மிளகுத்தூளும் சேர்த்துக் கட்லட் உருட்டினோம். நாற்பத்திரண்டு வந்தன. மருமகன் முப்பதை ஒட்டாவாவுக்குக் கொண்டுபோனான்.