கணப்பைச் சுற்றிய தரை

லாலாகுடாவில் 1893-ஆம் ஆண்டு நிஜாம் ராஜ்யத்து ரயில்வே தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதில் வேலை கிடைத்து வந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தஞ்சைப் பக்கத்து உடம்புக்கு இவ்வூர் மார்கழிக் குளிர் எளிதில் பழகுவதில்லை. சில இரவுகளில் 10 டிகிரிக்கு அருகே இறங்கிவிடுகிறது. ஆகையால் கொல்லையில் குழி தோண்டிக் கணப்பு மூட்டிக் குளிர்காய்வது எங்கள் வீட்டு வழக்கம். எண்பது வயதைக் கடந்த எங்கள் தாயாருக்கு, அண்டை வீட்டுத் தெலுங்கு மாதரோடு அமர்ந்து பேச வாய்த்த ஒரே இடம் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்துக்குத் தரை போட எண்ணினோம். ஹைதராபாத்தில் தரை என்றால் எவரும் முதலில் சொல்வது ஷாபாத் கல். வழவழப்பானது, கழுவ எளிது. குழிக்குள்ளும் வெளியிலும் அதையே பதித்தோம். போகிக்கு முதல் நாள் இரவு, கோலமிடுவதற்காகத் தரையை நன்றாகக் கழுவிவிட்டோம். விடியுமுன் தீ மூட்டிய சிறிது நேரத்தில் பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை. கற்சில்லு ஒன்று பறந்து பேத்தியின் புருவத்தைக் கிழித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அன்று முதல் தாயார் கொல்லைப் பக்கம் வரவே மறுத்துவிட்டார்.

காரணம் பின்னரே விளங்கிற்று. ஷாபாத் கல் படிவு படிவாக உண்டான சுண்ணாம்புக்கல். உள்ளே ஊறிய நீர் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லைப் பிளந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டே சுண்ணாம்பு எடுக்கிறார்கள் என்பதை அறிந்திருந்தும் எங்களுக்கு இது தோன்றவில்லையே! ஈரம் ஊறிய ஆற்றுக் கூழாங்கல்லும் இவ்வாறே வெடிக்கக்கூடும்.

மறுபடியும் யோசனைகள் பிறந்தன. மருமகப்பிள்ளை பிளாஸ்டிக் புல் விரிப்பைப் பரிந்துரைத்தார். ஒரு தீப்பொறி விழுந்தால் அது உருகி ஓட்டையாகும். உண்மைப் புல்லோ, காய்ந்த மாதங்களில் தானே எரிபொருள். கருங்கல் ஜல்லி தீப்பொறிக்கு அஞ்சாது, நீரையும் தேக்காது. இவ்வூரே கருங்கற்பாறையின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. ஆனால் ஜல்லியில் கைத்தடி நிற்காது. நாங்கள் தரை தேடியது யாருக்காக?

முடிவில் குழியைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு நன்கு வெந்த செங்கல்லைச் சிமெண்டு பூசாமல் மணல்மேல் அடுக்கினோம். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், தேய்க்க வேண்டியதுதான். அதற்கப்பால் நாற்காலிகள் போடும் இடத்தில் முரம்பு மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, திமிசால் இடித்து, வெளிப்புறம் சற்றே சரிவாக இறுக்கினோம். பெயர்த்தெடுத்த ஷாபாத் கற்களில் பழுதில்லாதவற்றைச் சமையலறை வாசலிலிருந்து நாற்காலி வரை நடைபாதையாகப் பதித்தோம். தீக்கு எட்ட இருந்துவிட்டால் அதைப்போல் காலுக்கு இதமான கல் வேறில்லை.

சென்ற மார்கழியில் தாயார் வந்தார். உட்காருமுன் கைத்தடியால் முரம்பை இரண்டு மூன்று இடங்களில் ஊன்றிப் பார்த்தார். பிறகு பேத்தியைத் தம் நாற்காலிக்குப் பின்புறம் நிறுத்திக்கொண்டு, “இனி மூட்டுங்கள்” என்றார்.