காகிதம் எடுத்த கை தயங்கும்போது



கைவேலை பழகிய சகோதரிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. முன்பெல்லாம் பெருநாள் நெருங்கினால் விரல்கள் தாமாகவே கத்தரிக்கோலைத் தேடும். இப்போது வண்ணத்தாளும் பசையும் மேசைமேல் இருந்தும் மனத்தில் ஓர் உருவமும் எழுவதில்லை. இதற்கு என்ன வழி என்பதே அக்கேள்வி. மக்தபில் ஓதக் கொடுப்பதோடு, விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை செய்யவும் கற்றுக்கொடுத்து வருபவள் நான். அந்த வறட்சியை இரண்டு ரமலான்கள் நானும் கடந்திருக்கிறேன். அதில் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் வாப்பா தம்மாமில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். பெருநாள் வாழ்த்து அட்டைகளைக் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த காலம் அது. அவற்றை வாங்காமல் நானே செய்து அனுப்பத் தொடங்கியபோது எனக்கு வயது 8. வளர்ந்து, நிகாஹ் முடிந்து, முஅல்லிமா பட்டயம் பெற்ற பின்னும் அவ்வழக்கம் நிற்கவில்லை. வாப்பா ஊரோடு வந்துவிட்ட பிறகு, பெருநாள் காலையில் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது வாசலிலேயே அட்டையைக் கையில் கொடுப்பேன். 2021இல் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மறு ஆண்டு ஷஅபானில் காகிதத்தை எடுத்தேன். மடிக்க மனம் வரவில்லை. கைப்பேசியில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பார்த்தேன். கண் நிறைந்ததே தவிர, கை அசையவில்லை.

மூன்றாவது ரமலானில், மக்தபில் ஓதும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என் அருகே வந்து நின்றாள். "முஅல்லிமா, வெள்ளிக்கிழமை ஒரு சபுராளி ரியாதுக்குப் போறாங்க. எங்க வாப்பாவுக்கு ஒரு கார்டு கொடுத்துவிடணும். அவங்க பெட்டியில எடை கூடிருச்சாம், மெலிசா இருக்கணும். ஜிகினாவும் கூடாதாம், துணியில ஒட்டிக்குமாம்" என்றாள்.

அழகான அட்டை வேண்டும் என்று அவள் கேட்டிருந்தால் நான் தட்டிக் கழித்திருப்பேன். அவளோ, யாருக்கு, எந்த நாளில், எந்த எடையில் என்பதை மட்டுமே சொன்னாள். ஒரு ஏ4 வெள்ளைத்தாளை எடுத்து இருமுறை மடித்தோம். அப்படி மடித்தால் அட்டையின் முகப்பு இரட்டைத் தாளாக அமையும். மேல்தாளில் மட்டும் ஒரு நட்சத்திரச் சாளரம் வெட்டி, இரு தாள்களுக்கும் நடுவே பச்சைத்தாள் ஒன்றைச் செருகினோம். ஓரங்களில் சிறிது பசை தடவியதும் வேலை முடிந்தது. அஸருக்குப் பின் அமர்ந்தவர்கள் மஃரிபுக்குள் எழுந்துவிட்டோம். அன்றிரவே என் உம்மாவுக்காக ஒன்று செய்தேன். உம்மாவுக்கு நான் தனியாகச் செய்த முதல் அட்டை அதுதான்.

அட்டைக்கு உருவம் தருவது அதைப் பெறுபவரின் முகம் என்பது அப்போது விளங்கிற்று. வாப்பாவோடு என்னைவிட்டு நீங்கியது கைத்திறன் அன்று, அந்த முகம். ஆதலால், ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் முதலில் சொல்வது, ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே. பார்வை மங்கிய பெரியம்மாவுக்கு என்றால் எழுத்துப் பெரிதாகவும் நிறம் அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். மருத்துவமனையில் இருப்பவருக்கு என்றால் மேசையில் தானே நிற்கும் அட்டை வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்கு என்றால் பாடநூலுக்குள் அடங்கும் அளவு போதும். பெயரை முடிவு செய்ததும் பாதி வடிவம் தானே வந்துவிடும்.

இரண்டாவது, பொருள்களைக் குறைத்துக்கொள்வது. நிறைந்த பெட்டி சில வேளைகளில் கையைக் கட்டிப்போடும். ஒரு நிறம், ஒரு மடிப்பு, ஒரு வடிவம் என்று வரம்பிட்டுப் பாருங்கள். புதுத்தாள் வாங்கவும் வேண்டியதில்லை. நம் வீடுகளில் சேர்ந்துகிடக்கும் பழைய நிகாஹ் பத்திரிகைகள் நல்ல கனமான அட்டைகளே. இறைநாமம் அச்சிட்ட பகுதியை முதலில் வெட்டி, கண்ணியமாகத் தனியே வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். காகிதத்துக்கும் நார் ஓடும் திசை உண்டு. அட்டையை இரு புறமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எப்படி வளைக்கும்போது எளிதாக வளைகிறதோ, அதே போக்கில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்குமுன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

வடிவத்துக்கு எங்கும் தேடி அலைய வேண்டாம். ஒரே அளவுள்ள சதுரத்தை ஒரு முறை வரைந்து, நடுப்புள்ளி நகராமல் 45 பாகை திருப்பி மறுமுறை வரைந்தால் எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். முஸ்ஹஃபில் ஹிஸ்பின் கால்பகுதியைக் காட்டும் குறியாகப் பிள்ளைகள் அதை நாள்தோறும் பார்க்கிறார்கள். கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதே விரிவை மாற்றாமல் வட்டத்தின்மேல் எட்டு வைத்துச் சென்றால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றை இணைத்தால் அறுகோணம். ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்தால் ஆறு முனை நட்சத்திரம். பள்ளிவாசல்களின் சுவர்களிலும் மரக்கதவுகளிலும் நாம் வியந்து பார்க்கும் பின்னல்களில் பல இத்தகைய எளிய தொடக்கத்திலிருந்து வளர்ந்தவையே.

மூன்றாவது, புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டும் என்ற சுமையை இறக்கிவைப்பது. அரபு எழுத்தணிக் கலையில் மஷ்க் என்னும் பயிற்சி உண்டு. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மாணவர் திரும்பத் திரும்ப எழுதுவார். ஆண்டுகள் பல சென்ற பின்னரே சொந்தப் பெயரில் கையொப்பமிட இஜாஸா கிடைக்கும். உஸ்மானிய மரபில் முதல் பாடமாக எழுதக் கொடுப்பது, நம் மக்தபுப் பிள்ளைகள் பாடத் தொடக்கத்தில் ஓதும் 'ரப்பி யஸ்ஸிர்' எனத் தொடங்கும் துஆவையே. எழுத்தின்மேல் எழுத்து விழுந்து தாள் முழுதும் கருத்துப்போன பயிற்சித் தாள்கள்கூட இன்று கலைப்பொருள்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஆகவே, முன்பு நீங்கள் செய்த அட்டை ஒன்றையே எடுத்து, மாற்றமின்றி மூன்று முறை செய்யுங்கள். நான்காவதில் கை தானாகவே ஒரு மாற்றத்தைக் கொண்டுவரும்.

நான்காவது, மேசையைவிட்டு எழுந்து செல்வது. இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் பள்ளிவாசல் இமாமாக இருந்த நஜ்முத்தீன் ஓக்யாய் (1883–1976) எப்ரு என்னும் காகிதக் கலையில் பேராசானாகப் போற்றப்படுபவர். பிசினால் கெட்டிப்படுத்திய நீரின்மேல் வண்ணங்களைத் தெளித்து, தாளைப் படியவிட்டு எடுப்பது எப்ரு; ஒரு தாளில் விழுந்த கோலம் மறுதாளில் அப்படியே விழாது. யுனெஸ்கோ 2014இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எப்ருவில் பூக்களின் உருவத்தை வளர்த்தெடுத்த அவர் எழுத்தணி, நூற்கட்டு, வில்வித்தை ஆகியவற்றோடு ரோஜா வளர்ப்பிலும் தேர்ந்தவர். பூக்களோடு அவ்வளவு காலம் பழகியவரின் கையில் நீர்மேல் பூ மலர்ந்ததில் வியப்பென்ன? நமக்கும் மொட்டைமாடி மருதாணிச் செடி இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, பாட்டிமார் முடைந்த ஓலைப்பாயின் பின்னல் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல். அட்டைகள் நாளடைவில் குப்பைக்குப் போகக்கூடியவை. ஆகவே குர்ஆன் வசனங்களை அவற்றில் எழுதாமல், பெறுபவரின் பெயரையும் 'ஈத் முபாரக்' என்பதையும் எழுதச் சொல்லுங்கள். துஆவை நேரிலோ தொலைபேசியிலோ வாயால் சொல்லட்டும். பிள்ளையின் கோணல் எழுத்தைத் திருத்த முனையாதீர்கள். வெளிநாட்டு அறையில் தனித்திருக்கும் தகப்பனுக்கு அந்தக் கோணலும் பிள்ளையின் முகம்தான்.

சிறிதாயினும் விடாமல் செய்யும் அமலின் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கைவேலைக்கும் அது பொருந்தும். வாரம் ஒரு மாலை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம், ஒரு தாள், ஒரு பெயர். ரஜபில் தொடங்கினால் நோன்புப் பெருநாளுக்குள் பத்துப் பேருக்கு மேல் அட்டை தயாராகிவிடும், இன்ஷா அல்லாஹ். முதல் அட்டைக்கு, நெடுநாளாக நீங்கள் பேசாதிருக்கும் ஓர் உறவின் பெயரைத் தேர்ந்துகொண்டால் இன்னும் சிறப்பு.

வஸ்ஸலாம்.