காணாமல் போன 6 மில்லிமீட்டர்

இணையப் பக்கத்தை பிரிண்ட் போட்டு வலது ஓரம் வெட்டுப்பட்டு வந்தா எல்லாரும் முதல்ல திட்டுறது பிரிண்டரைத்தான். பாவம், பெரும்பாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு பக்கம் திரையில இருந்து தாளுக்கு வர்றதுக்குள்ள மூணு பேர் கைமாறுது: பக்கத்தை வடிவமைச்சவர், பிரவுசர், பிரிண்டர். யார் வெட்டினாங்கன்னு, வெட்டுப்பட்ட தாளைப் பார்த்தே முக்கால்வாசி சொல்லிடலாம். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாக்குற மாதிரி :-)

போன சீசன்ல ஊருக்குப் போயிருந்தேன். தென்காசியில சாரல் நசநசன்னு அடிச்சுக்கிட்டு இருந்துது. குற்றாலம் போற வண்டியெல்லாம் நிரம்பி வழியுது. நானும் துண்டை எடுத்து வச்சுக்கிட்டு ஐந்தருவிக்குக் கிளம்பும்போது பெரியப்பா வந்து நின்னார். கையில ஒரு தாள்.

"ஏல, நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்க? இது செல்லாதுன்னுட்டான். என்னன்னு பாரு."

(மென்பொருள் எழுதுறவன்னா பிரிண்டர், டிவி ரிமோட், மிக்ஸி எல்லாம் சரி பண்ணுவான்னு எங்க வீட்டுல ஒரு நம்பிக்கை. அதை உடைக்க நான் விரும்பல.)

தாள் என்னன்னா, அவரோட வயலுக்கான சிட்டா நகல். பயிர்க்கடனுக்குக் கேட்டிருக்காங்க. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் குடுத்தா அரசு தளத்துல இருந்து எடுத்துக்கலாம்ல, அதேதான். 2019 நவம்பர் 22-ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுக்கு அப்புறமும் பெரியப்பா "திருநெல்வேலியத் தேடு"ன்னுதான் சொல்வார். அதுவல்ல இப்ப பிரச்சினை. சிட்டாவில கடைசிக் கட்டம் குறிப்புரை. பட்டா மாறுதல் உத்தரவு எண்ணும் தேதியும் இருக்கிற இடம். இவர் தாள்ல தேதி "20"-ங்கிறதோட நின்னு போச்சு. 2006-ஆ, 2016-ஆ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்த வருஷம்தான் தாத்தா பேர்ல இருந்து இவர் பேருக்கு மாறினதுக்குச் சாட்சி. அட்டவணையோட வலது பக்கக் கோட்டையே காணோம். கீழே சரிபார்க்கிறதுக்கான குறிப்பு எண்ணும் க்யூஆர் கோடும் இருக்கணும், அதுவும் இல்ல. ஆனா தாளோட அடியில ஒரு கட்டைவிரல் அகலத்துக்கும் கூடுதலா வெள்ளையா இடம் கிடக்குது!

இந்த ரெண்டும் சேர்ந்து வந்தா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்: லெட்டர் சைஸ்.

நாம வாங்குற தாள் ஏ4. அகலம் 210, உயரம் 297 மி.மீ. ஜெர்மனியில 1922-ல தரப்படுத்தி, பிறகு 1975-ல சர்வதேசத் தரமா ஆனது. சரிபாதியா மடிச்சாலும் அதே வடிவம் வரும், அழகான கணக்கு. அமெரிக்காக்காரங்க மட்டும் (கூட கனடா மாதிரி சில பேர்) அவங்க லெட்டர் தாளை விடல. அது 216-க்கு 279. நம்மளதை விட 6 மி.மீ. அகலம், 18 மி.மீ. குட்டை. விண்டோஸ் போடும்போது நாடு அமெரிக்கான்னு விட்டுட்டா தாள் அளவும் லெட்டர்னு உக்காந்துக்கும். நெட் சென்டர்ல பாதி இடத்துல அப்படித்தான் இருக்கும்.

இப்ப பெரியப்பா தாளைப் பாருங்க. பிரவுசர் 216 மி.மீ. தாள்னு நினைச்சு அட்டவணையை விரிச்சிருக்கு. உள்ளே போன தாள் 210. போச்சா 6 மி.மீ.? பத்து பாயிண்ட் எழுத்துல அது ரெண்டு மூணு இலக்கம். வருஷத்தோட வால் அங்கதான் போச்சு. உயரத்துல 18 மி.மீ. குறைவுன்னு நினைச்சதால க்யூஆர் கோடு இருந்த அடிப்பகுதி ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கு. கடைத்தம்பி அந்தப் பக்கத்தை அடிக்கவே இல்ல. "ரெண்டாவது பக்கத்துல ஒண்ணுமில்லை ஐயா, வெறும் கட்டம்தான்"னு காசை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கான். நல்ல மனசுதான்.

அருவியை ஒத்திவச்சுட்டு பெரியப்பாவோட அதே கடைக்குப் போனேன். எதிர்பார்த்தபடி லெட்டர். இன்னொண்ணும் இருந்துது, மார்ஜின் "மினிமம்". ஒரே பக்கத்துல அடக்கணும்னு யாரோ மாத்தியிருக்காங்க. லெட்டர் மட்டும் இருந்திருந்தா கூட தப்பிச்சிருக்கலாம். குரோம் வழக்கமா விடுற மார்ஜின் சுமார் 1 செ.மீ., அந்த வெள்ளை ஓரம் அடிவாங்கி எழுத்தைக் காப்பாத்தியிருக்கும். ஓரத்தையும் பிடுங்கினதுனாலதான் எழுத்துல கை வச்சிருக்கு.

பள்ளிக்கூடத்துல தாளை மடிச்சு மார்ஜின் போடச் சொன்னப்ப, எதுக்கு இவ்வளவு இடத்தை வீணாக்குறாங்கன்னு கடுப்பா இருக்கும். பிரிண்டருக்கு அது கட்டாயம். உருளை தாளைப் பிடிச்சு இழுக்கணும், அதனால ஓரத்துல சுமார் 4 மி.மீ. வரைக்கும் பெரும்பாலான பிரிண்டரால மை வைக்கவே முடியாது. மார்ஜின் "நன்" போட்டா நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கடிபட்டு வரும். நாலு பக்கமும் ஒரே அளவா வெட்டு விழுந்திருந்தா காரணம் இதுதான். க்யூஆர் கோடுக்கும் சுத்தி வெள்ளை ஓரம் வேணும், அதோட குட்டிக் கட்டம் நாலு அளவுக்கு. ஓரத்தை ஒட்டி வெட்டுப்பட்டா முழுசா தெரிஞ்சாலும் போன் படிக்க மறுக்கலாம்.

தாளை ஏ4, மார்ஜினை டீஃபால்ட்டுன்னு மாத்திட்டு முன்னோட்டத்தைப் பார்த்தா இன்னும் வலது கோடு இடிக்குது. ஸ்கேலை 90-ன்னு வச்சேன். கோடு, வருஷம், குறிப்பு எண், க்யூஆர் எல்லாம் ஒரே பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நேரா பிரிண்டருக்கு அனுப்பாம முதல்ல பிடிஎஃப்-ஆ சேமிச்சோம், அதைத் திறந்து பெரிசாக்கிப் பார்த்து, அப்புறம்தான் அடிச்சோம். போன்லயே க்யூஆரைப் படிச்சுக் காட்டினதும் பெரியப்பா, "இம்புட்டுக்கா ரெண்டு நா அலைஞ்சேன்?"னார். வருஷம் 2016. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கடைத்தம்பி ஆர்வமா கேட்டான், "அண்ணே, இனிமே எல்லாத்துக்கும் 90 போட்டாப் போதுமா?" போதாது. அங்கதான் மூணாவது ஆள், பக்கத்தை வடிவமைச்ச ஆசாமி, வர்றார்.

பிரவுசர் கணக்குல ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல். ஏ4 அகலம் 794 பிக்சல் வரும். ரெண்டு பக்கமும் 1 செ.மீ. விட்டா மிச்சம் சுமார் 718. ஒருத்தர் அட்டவணையை 1000 பிக்சல்னு ஆணியடிச்சு வச்சிருந்தா 72 சதவீதத்துக்குச் சுருக்கினாத்தான் உள்ளே போகும். எக்ஸ்ப்ளோரர் 6 காலத்துல சுருக்கவே சுருக்காது, வலது பக்கத்தை அப்படியே தூக்கிப் போட்டுடும். 2006-ல வந்த ஏழாம் பதிப்புலதான் தாளுக்கேத்தபடி சுருக்குற வசதி வந்துது. இப்ப ஃபயர்ஃபாக்ஸ் தானாவே அகலத்துக்குச் சுருக்குது, குரோமும் ஓரளவுக்கு முயற்சி பண்ணும். ரொம்ப அகலமான அட்டவணைன்னா சுருக்கிப் பிரயோஜனமில்ல, எறும்பு சைஸ்ல வரும். தாளைப் படுக்கப் போட்டுடணும், அதாவது லேண்ட்ஸ்கேப்.

தமிழுக்குன்னு ஒரு தனி வம்பு உண்டு. எக்ஸ்பி காலத்து லதா எழுத்துரு ஒரு அகலம், விண்டோஸ் 8-ல இருந்து வர்ற நிர்மலா இன்னொரு அகலம். வடிவமைச்சவர் கணினியில கச்சிதமா அடங்கின அட்டவணை, கடைக் கணினியில எழுத்துரு மாறினதும் பிதுங்கிடும். பத்தாததுக்கு நம்ம சொற்கள் வேற ஒட்டி ஒட்டி நீளமாப் போகும். "மேற்கொள்ளப்பட்டிருக்கிறதென்பதையும்"னு ஒரு சொல் வந்தா அதை எங்க உடைக்கிறதுன்னு பிரவுசருக்குத் தெரியாம கட்டத்தையே அகலமாக்கிடும்.

இந்த இடத்துல நம்ம பதிவுகளையும் கொஞ்சம் பாப்போம். ஏதாவது ஒரு இடுகையை எடுத்து பிரிண்ட் முன்னோட்டம் பாருங்க. பக்கப்பட்டை, காப்பக வரிசை, ஓட்டுப்பட்டை எல்லாம் தாள்ல இடம் பிடிச்சுக்கிட்டு, எழுதினது மட்டும் நடுவுல ஒடுங்கிக் கிடக்கும். திரைக்கு ஒரு உடுப்பு, தாளுக்கு ஒரு உடுப்புன்னு தனியாச் சொல்ற வசதி சிஎஸ்எஸ்-ல 1998-லயே வந்தாச்சு. நம்ம டெம்ப்ளேட்ல அதை எழுதி வைக்கிறவங்கதான் கம்மி. பத்து வரி போதும். பக்கப்பட்டையை மறைங்க. அகலத்தை ஆணியடிக்காம தானா அமையட்டும்னு விடுங்க. உருட்டிப் படிக்கிற பெட்டி ஏதாவது இருந்தா முழுசா விரிய விடுங்க, தாளை யாரும் உருட்ட முடியாது, கண்ணுக்குத் தெரிஞ்ச பாகம் மட்டும்தான் அச்சாகும். திரை மேல ஒட்டிக்கிட்டே வர்ற தலைப்புப் பட்டையை எடுத்துடுங்க, இல்லன்னா குரோம்ல ஒவ்வொரு தாள்லயும் வந்து முதல் ரெண்டு வரியை மறைக்கும்.

இதெல்லாம் எழுதாத அடுத்தவர் பக்கம்னா பிரவுசர்லயே வாசிப்புப் பார்வைன்னு ஒண்ணு இருக்கும், அதுல திறந்து பிரிண்ட் குடுங்க. கட்டுரைக்கு அருமையா வரும். சிட்டா மாதிரி அட்டவணைக்கு மட்டும் வேண்டாம், கட்டத்தையெல்லாம் கலைச்சுப் போட்டுடலாம்.

ஆபீசுக்குப் போற தாள்னா இடது பக்கம் மட்டும் 20 மி.மீ. தாராளமா விடுங்க, கஸ்டம் மார்ஜின்ல மாத்திக்கலாம். அங்கே கோப்புல சேர்க்கும்போது இடது மேல் மூலையில ஓட்டை போட்டு டேக் கட்டுவாங்க. பட்டா எண் மேலேயே அந்த ஓட்டை விழுந்த தாள் ஒண்ணு இன்னும் பெரியப்பா பெட்டியில கிடக்கு.