தண்ணீர் வந்தால் சிறகுகள் வரும்

ராஜாக்களின் துப்பாக்கிக்குத் தப்பிய பரத்பூர் பறவைகள், இப்போது வாய்க்கால் நீரின் தயவில்

காலை மூடுபனி விலகுவதற்குள் கருவேல மரங்களில் கூச்சல் தொடங்கிவிடுகிறது. ஒரே மரத்தில் பல கூடுகள். அவற்றில் மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சுகள் இரைக்காக அலறுகின்றன. ராஜஸ்தானின் பரத்பூரில், ஆக்ராவிலிருந்து சுமார் 55 கி.மீ. தொலைவில் இருக்கிறது கேவலாதேவ் தேசியப் பூங்கா. பரப்பு 29 சதுர கி.மீ.தான். இதுவரை பதிவான பறவை இனங்களோ 350-க்கும் மேல்.

நடப்பவர்களுக்கு இது சொர்க்கம். ஏற்றமில்லை, இறக்கமில்லை. நீர்நிலைகளுக்கு நடுவே கரைமேல் பாதை நீள்கிறது. காலில் தெம்பில்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் அல்லது ரிக்‌ஷா. பயிற்சி பெற்ற ரிக்‌ஷா ஓட்டிகளே பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டும் வழிகாட்டிகள். அக்டோபர் முதல் மார்ச் வரை போகலாம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் காணக் குளிர்காலமே ஏற்றது.

இது இயற்கையாக அமைந்த ஏரியல்ல. பரத்பூர் மன்னர்கள் வாத்து வேட்டைக்காக நீர் தேக்கிய பள்ளம். வேட்டைக் கணக்கு பொறித்த கல்வெட்டு இன்றும் உள்ளே நிற்கிறது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் விழுந்தவை 4,273 பறவைகள். பறவை அறிஞர் சாலிம் அலி போன்றோரின் முயற்சியால் துப்பாக்கி ஓய்ந்தது. 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்தும் கிடைத்தது.

ஆனால் காவலும் சிக்கலைக் கொண்டுவந்தது. 1982-ல் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விழுந்தது. எதிர்த்த கிராமத்தினர் மீது போலீஸ் சுட்டதில் சிலர் இறந்தனர். அதன்பின் நடந்தது யாரும் எதிர்பாராதது. எருமைகள் மேயாத நீரில் புல் மண்டி, வாத்துகளுக்கு இறங்க இடமில்லாமல் போனது. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமைகள் பூங்காவுக்கு உதவியே செய்தன என்று சொன்னது.

அடுத்த அடி தண்ணீரில். கம்பீர் நதியின் மேல்பகுதியில் கட்டப்பட்ட பாஞ்சனா அணையின் நீரைக் கரௌலி விவசாயிகள் விட்டுத்தர மறுத்தார்கள். அவர்கள் வயலுக்கும் அதுதான் நீர். 2000-களின் நடுவில் பூங்கா வறண்டு வெடித்தது. சீமைக் கருவேலம் பரவியது. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்தார்கள். நாரைகள் திரும்பின.

திரும்பாதவை சைபீரியக் கொக்குகள். 1960-களில் இருநூறு வரை வந்தவை. வரும் வழியில் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வேட்டைக்குப் பலியாகிக் கரைந்தன. 2002-க்குப் பின் ஒன்றுகூட வரவில்லை.

சேற்றில் கிழங்கு தோண்டிய அந்த வெள்ளைக் கொக்குகளின் இடத்தில் இப்போது சாரஸ் ஜோடிகள் நடைபோடுகின்றன. அவையும் ஒவ்வொரு ஆண்டும் வாய்க்கால் திறப்பதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டியிருக்கிறது.